தினமும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தேவகி

மூட்டை கட்டி அனுப்புவதும், வந்த மூட்டையைப் பிரித்து அடுக்குவதும்தான் இருபது வருஷமாக என் தொழில்; ஆனால் ஒருநாளும் என் கையில் தூசி பட்டதில்லை.

ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவள் நான். பெங்களூர் காக்ஸ் டவுனில் வீடு, கோரமங்களாவில் ஆபீஸ், நடுவே டிராஃபிக்கில் பாதி ஆயுள். எங்களுக்கு ஒரு மனிதர், ஒரு பஸ், ஒரு சாப்பாட்டு டோக்கன் எல்லாமே 'ஆப்ஜெக்ட்'தான். பெயர், எண், அது இது என்று நாலு தகவலை ஒன்றாகச் சேர்த்த ஒரு பொட்டலம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற பொட்டலம் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போக வேண்டுமானால் அதைத் துண்டுதுண்டாகக் கழற்றி, வரிசையாக அனுப்பி, அந்தப் பக்கம் பழையபடி பூட்ட வேண்டும். இதற்குப் பெயர் சீரியலைசேஷன். ஜாவாவே இதைத் தானாகச் செய்துவிடும். ஆனால் அது ஊர்ப்பட்ட சாமானையும் சேர்த்துக் கட்டும், மெதுவாகப் போகும் என்று சொல்லிக்கொண்டு என் போன்ற அதிகப்பிரசங்கிகள் அதை நாங்களே கையால் எழுதுவோம். வீடு மாற்றும்போது ஆளை நம்பாமல் கட்டிலை நாமே கழற்றுகிற மாதிரி. புது வீட்டில் பூட்டி முடித்த பிறகு நாலு ஸ்குரூ மிஞ்சும். அது எதில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

என்னைப் போல ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற சகபாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சிரிக்கிற சமாச்சாரம் நிறைய உண்டு. ஆனால் பொம்மசந்திராவில் தேவகி என்று ஒரு பெண் பெர்மனென்ட் ஆவதா வேண்டாமா என்பது நான் எழுதின ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

எட்டு வரி மனிதர்

பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரி. பெயர் வேண்டாம். அங்கே கேட், கேன்டீன், ஸ்டோர்ஸ், எச்.ஆர். என்று நாலு இடத்தில் நாலு புரோகிராம். நாலும் ஒரே தொழிலாளியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். ஆப்ஜெக்ட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க மீட்டிங் போட்டார்கள். பெயர், டோக்கன் எண், பிரிவு, போட்டோ எண், பஸ் ரூட் என்று ஐந்து சுலபமாக முடிந்தன. ஷிப்ட் ஆறாவது. மதியம் சோறா ராகி முத்தேயா, அதாவது நம் களியா, என்று காலையில் கேட்டிலேயே பட்டன் அழுத்த வேண்டும், அது ஏழாவது. பாதுகாப்பு ஷூ என்ன சைஸ் என்று ஸ்டோர்ஸ்காரர் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னார். அது எட்டு.

எச்.ஆர். மேனேஜர் பத்மநாபன் சார் மல்லேஸ்வரத்துத் தமிழர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். அவர் போர்டில் இருந்த எட்டு வரியையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "மனுஷன்னா இவ்வளவுதானா மேடம்? எட்டு வரியில முடிஞ்சுபோயிட்டானே!"

சைஸ் இரண்டு

கேட்டும் எச்.ஆரும் என் பங்கு. கேன்டீனும் ஸ்டோர்ஸும் மஞ்சுநாத்தின் பங்கு. மஞ்சு எனக்குப் பத்து வருஷம் சின்னவன். துமகூரு பையன், என்னோடு சேர்ந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, எனக்கே புரியாத வேகத்தில் பேசுகிறவன். கையால் எழுதுகிற சீரியலைசேஷனில் ஒரே ஒரு சட்டம்தான்: நான் எந்த வரிசையில் எழுதி அனுப்புகிறேனோ அதே வரிசையில் அவன் படிக்க வேண்டும். மூட்டைக்குள் எதன் மேலும் சீட்டு ஒட்டியிருக்காது. முதலில் வருவது பெயர் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வதுதான்.

நான் ஷிப்ட், ஷூ என்று எழுதினேன். அவன் ஷூ, ஷிப்ட் என்று படித்தான். இரண்டும் வெறும் எண். அதனால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, எல்லாம் சமத்தாக ஓடியது. இரண்டாம் ஷிப்ட்டில் ஏழாம் சைஸ் ஷூ போடுகிறவர், ஸ்டோர்ஸுக்குப் போனபோது ஏழாம் ஷிப்ட்டில் இரண்டாம் சைஸ் ஆகிவிட்டார். ஒரு வாரம் கழித்து ஸ்டோர்ஸ்காரர் ஆர்டர் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். வெகு மரியாதையாகத்தான் கேட்டார்: "மேடம், எங்க ஃபேக்டரியில குழந்தைங்களை வேலைக்கு வைக்கறதில்லை. ஒண்ணாம் சைஸும் ரெண்டாம் சைஸும் யாருக்கு வாங்கறது?"

என் புரோகிராம் விழாது

எனக்கு ஒரு திமிர் உண்டு. மற்றவர்கள் புரோகிராம் எதையாவது எதிர்பாராமல் கண்டால் எக்செப்ஷன் எறிந்துவிட்டு மூர்ச்சை போட்டு விழும். என்னுடையது விழாது. எது வந்தாலும் சமாளிக்கும். இதைச் சொல்லியே மூன்று அப்ரைசல் தேற்றியிருக்கிறேன்.

போன வருஷம் எட்டு ஒன்பதாயிற்று. வேலைக்குச் சேர்ந்த தேதியும் வேண்டும் என்றார் பத்மநாபன் சார். பெர்மனென்ட் ஆட்களின் தேதி அவரிடமே இருக்கிறது. கான்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிக் கேட்டிலிருந்து வருவதுதான் எல்லாம். முதல் கேட்டின் புரோகிராமைப் புதுசாக்கி, அன்றைக்கு இருந்த கான்ட்ராக்டரின் ரெஜிஸ்டரைப் பார்த்து எல்லோருடைய தேதியையும் டைப் அடித்தார்கள். இரண்டாம் கேட்டில் பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் கை வைத்தால் காலை வரிசை ரோடு வரைக்கும் போய்விடும் என்று செக்யூரிட்டி கும்பிட்டார். அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். எங்கள் தொழிலில் அடுத்த மாசம் என்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் கான்ட்ராக்டர் மாறினார், ரெஜிஸ்டரும் அவரோடு போனது.

ஆக, இரண்டாம் கேட்டு மூட்டையில் எட்டுத்தான் இருக்கும். எச்.ஆர். பக்கம் ஒன்பதாவதுக்குக் கை நீட்டினால் வெறும் காற்று. அங்கேதான் விழ வேண்டும். நான் விழவிடுவேனா? ஒரு வரி எழுதினேன்: ஒன்பதாவது இல்லையென்றால் இன்றைய தேதியைப் போட்டுக்கொள். காலியாக விட்டால் வேறு நாலு இடத்தில் உதைக்கும், புதிதாகச் சேருகிறவருக்கு எப்படியும் இன்றைய தேதிதானே என்று எனக்கு நானே ஒரு நியாயம். மஞ்சு எட்டிப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான்: "விழலைன்னா சரி ஜெசி. விழுந்தா போன் நமக்குத்தான் வரும்."

மூன்று நாள், மூன்று தேதி

இந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேறு ஏதோ டெஸ்ட்டிங்குக்காக மெட்ரோ பிடித்துப் பொம்மசந்திரா போயிருந்தேன். எச்.ஆர். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பேக்கிங் பிரிவின் நீலக் கோட்டு. "நீங்கதான கம்ப்யூட்டர் மேடம்?" என்று வழியை மறித்தாள். தேவகி என்று பெயர், கிருஷ்ணகிரிப் பக்கம், ஹெப்பகோடியில் வாடகை வீடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

விஷயம் இதுதான். நடுவில் விட்டுப்போகாமல் மூன்று வருஷம் முடித்த கான்ட்ராக்ட் ஆட்களை நிர்வாகம் பெர்மனென்ட் ஆக்கப் போகிறது. லிஸ்ட் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்துக்குப் போகிறது. அதில் தேவகி பெயர் இல்லை. "பெர்மனென்ட்னா என்ன மேடம், ஒண்ணுமில்ல. மாசக் கடைசியில அடுத்த மாசம் வரலாமா வேண்டாமான்னு சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்துட்டு நிக்க வேண்டாம். அவ்ளோதான். மூணு வருஷமா நின்னாச்சு" என்றாள். பத்மநாபன் சாரிடம் கேட்டிருக்கிறாள். அவர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி, நீ இப்போதுதானே சேர்ந்திருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறார். 'சேர்ந்த மூணாம் நாளே ஆயுத பூஜை, மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு, சாப்பாட்டுல ஒப்பட்டு, அதான் போளி, போட்டாங்க, நல்லா ஞாபகம் இருக்குது' என்று அவள் சொன்னதற்கு, ஞாபகத்தை ஃபைலில் சேர்க்க முடியாதம்மா என்றாராம்.

அவள் விடவில்லை. ஞாயிறு கழிந்து திங்கட்கிழமையும் போய் ஸ்கிரீனைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அதற்கு மறுநாளும். பத்மநாபன் சாருக்கு ஒரு நாளைக்கு நூறு பேர். முதல் நாள் என்ன காட்டியது என்று அவருக்கு எங்கே ஞாபகம்? இவளுக்கு இருந்தது. என் முகத்துக்கு நேராக மூன்று விரலை நீட்டினாள்: "சனிக்கிழமை கேட்டா சனிக்கிழமை சேர்ந்தேன்னு காட்டுது. நேத்து கேட்டா நேத்து. இன்னைக்குக் கேட்டா இன்னைக்கு. நாளைக்கும் வந்து கேக்கட்டுமா மேடம், இல்ல இத்தோட போதுமா?"

ஆள் அகப்பட்டது

மாதாவே! எங்கள் டெஸ்ட்டிங் டீமில் பன்னிரண்டு பேர் ஒரு வருஷமாகக் கண்டுபிடிக்காததை இந்தப் பெண் மூன்று நாளில் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். எந்த வரி என்று தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் கேட்டில் நுழைகிற கான்ட்ராக்ட் ஆட்கள் மொத்தம் பதினான்கு பேர். அத்தனை பேரும் தினமும் காலையில் என் புண்ணியத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன். ஜெயநகர் தாண்டும் வரைக்கும் மனசுக்குள் ஒரு மின்னஞ்சல் தயாராகிக்கொண்டே இருந்தது: 'பழைய கேட்டிலிருந்து தகவல் கிடைக்கப்பெறவில்லை.' ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதை எழுதியிருந்தால் யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் நிஜம். வெட்கமாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

புதன்கிழமை காலையில் மஞ்சுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வரியைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா என்று அவசரப்பட்டேன். அவன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து யோசித்தான். "நோடி ஜெசி, வரியைத் தூக்கறது ரெண்டு நிமிஷ வேலை. தூக்கினா தேதி இருந்த இடம் காலியா நிக்கும். இப்ப புதுசா சேர்ந்தவங்க, அப்ப சேரவே இல்லாதவங்க. அவங்களுக்கு அதுல என்ன லாபம்?"

ஹெல்மெட் ஸ்டாண்ட்

வியாழக்கிழமை இரண்டு பேருமாக இரண்டாம் கேட்டுக்குப் போனோம். அந்தப் பழைய பெட்டி செக்யூரிட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. நெற்றியில் காய்ந்த சந்தனம், குங்குமம். போன மாத ஆயுத பூஜையில் வைத்தது. மேலே செக்யூரிட்டி லோகேஷின் ஹெல்மெட். அவருக்கு அது கம்ப்யூட்டர் என்பதே மறந்துபோயிருந்தது, ஆனால் அதைத் தொடவிடக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. பத்மநாபன் சாரிடமிருந்து போன் வந்த பிறகுதான் ஹெல்மெட்டை எடுத்தார்.

ஸ்கிரீனை மாட்டிப் பார்த்தால், உள்ளே ஒரு ஃபோல்டர் வீங்கிப்போய்க் கிடக்கிறது. அது என்ன என்று எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. லைன் அறுந்துபோனால் மறுபடி அனுப்ப வேண்டுமே என்று, அந்தந்த நாளின் மூட்டைக்கு ஒரு நகல் எடுத்து வைக்க எழுதியிருந்தேன். மறுநாள் அதை அழிக்க எழுத வேண்டியது, மறந்துவிட்டேன். அத்தனை வருஷத்து மூட்டையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, நாளுக்கு ஒன்றாகப் பத்திரமாக இருந்தது.

குதிக்கலாம் என்று பார்த்தேன். மஞ்சு தேதியைக் காட்டினான். பெட்டிக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற சின்ன பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பெட்டி பழைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதிக்குப் போய், அங்கிருந்து மறுபடி நடக்க ஆரம்பிக்கும். ஃபைல்களில் பாதி ஜனவரியில் இருந்தன. எது எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க வழியில்லை. லோகேஷ் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார்: "டைம் பாக்கறதுக்கு நாங்க அதை யூஸ் பண்றதில்லை மேடம். சுவத்துல கடிகாரம் இருக்குது."

மூன்றாம் நாள்

முட்டாள்தனத்தில் முதல் முட்டாள்தனம், எச்.ஆரில் இப்போது ஓடுகிற புரோகிராமை வைத்தே அந்த ஃபைல்களைத் திறந்தேன். அது விழவில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஃபைலையும் சிரித்த முகத்தோடு படித்துவிட்டு, தேவகி பெயர் இருந்த அத்தனையிலும் அவள் இன்றுதான் சேர்ந்தாள் என்று சொன்னது. என் பிள்ளை அல்லவா.

பிறகு ஒரு ஃபைலை அப்படியே எண்களாகத் திறந்து கண்ணாலேயே படித்தோம். வரிசையாக 00 06, அதற்கப்புறம் 44 45 56 41 4B 49. முதல் இரண்டும் 'அடுத்து ஆறு எழுத்து வருகிறது' என்பதற்கு. அடுத்த ஆறும் இங்கிலீஷில் DEVAKI. சத்தியமாக எனக்குப் புல்லரித்தது. இருபது வருஷமாக இதையேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஒருநாளாவது மூட்டைக்குள் யார் போகிறார்கள் என்று பார்த்ததில்லை. எட்டோடு நிறுத்திவிடுகிற ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினேன். தேவகியின் நாட்கள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. ஷூ சைஸ் ஐந்து. முதல் ஷிப்ட். முதல் வருஷம் முழுக்க மதியம் சோறு. நடுவில் ஒரு திங்கட்கிழமையோ வியாழக்கிழமையோ, அன்றிலிருந்து முத்தேதான். ஏன் மாற்றினாள்? யாரோ ஒருத்தியின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது, ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

412-வது ஃபைலில்தான் அவள் பெயர் முதன்முதலாக வந்தது. 411-ல் இல்லை. சரி, 412 என்றைக்கு? நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது மஞ்சு 414-ஐ உற்றுப் பார்த்தான். சாப்பாட்டுக்கு ஒன்று என்றால் சோறு, இரண்டு என்றால் முத்தே. 414-ல் அந்தக் கேட்டில் நுழைந்த அத்தனை பேருக்கும் மூன்று. "மூணுன்னா என்னடா? மூணாவதா ஒண்ணும் நான் வைக்கலையே!" என்றேன். அவன் வைத்திருந்தான். வருஷத்தில் ஒரே ஒரு நாள், யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஸ்பெஷல் போடுகிற நாளுக்காகக் கேன்டீன்காரர்கள் சேர்க்கச் சொன்னதாம். மஞ்சு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே விட்டான்: "ஒப்பட்டு, ஜெசி! மூணுன்னா ஒப்பட்டு! ஆயுத பூஜை!"

சாட்சி

மூன்று போட்ட நாட்களைத் தேடினோம். 414-க்குப் பிறகு இன்னும் மூன்று இருந்தன. கடைசியாக வந்தது போன மாதத்தது. அவள் சேர்ந்த பிறகு மொத்தம் நாலு ஆயுத பூஜை. முதல் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சேர்ந்தவள், நாலாவது பூஜையும் சாப்பிட்டு ஒரு மாசம் ஆகிறது. மூன்று வருஷம் முடிந்து மேலே ஆகிவிட்டது. நடுவில் விட்டுப்போயிருக்கிறாளா என்றும் பார்த்தோம். சேர்ந்தாற்போல் நாலு நாளுக்கு மேல் எங்கேயும் அவள் பெயர் விட்டுப்போகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பத்மநாபன் சார் எதிரில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துப் பரப்பினேன். அவர் அவசரப்படவில்லை. தன்னுடைய பூஜை லீவு சர்க்குலர் ஃபைலை வரவழைத்து, ஒரு பூஜைக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை வேலை நாள் என்று எண்ணி, எங்கள் ஃபைல் எண்ணோடு ஒப்பிட்டார். பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு நாலு பூஜை. மற்ற ஐந்து பேர் உண்மையிலேயே பிறகு வந்தவர்கள். அதில் இரண்டு பேர் வெளியே நம்பிக்கையோடு காத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்னமும் கஷ்டமாக இருக்கிறது.

பத்மநாபன் சார் பேனாவை மூடினார். "இது எங்க தப்பா, உங்க தப்பா? யாராவது எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா மேல ஒத்துக்க மாட்டா" என்றார். மெட்ரோவில் தயாரித்த அந்த மின்னஞ்சல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மஞ்சு என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ன வரி, இன்ன காரணம், எழுதியது நான் என்று அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கம்பெனிக்கு இது போனால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்ரைசலில் என்ன ஆயிற்று என்று பிறகு தெரிந்தது, அது உங்களுக்கு வேண்டாம். மூன்றரை மணிக்கு ஒன்பது பெயரும் லிஸ்ட்டில் ஏறின. பத்மநாபன் சார் என் பிரிண்டை லிஸ்ட்டோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டே முணுமுணுத்தார்: "முப்பது வருஷ சர்வீஸ்ல ஒப்பட்டைச் சாட்சியா வச்சு ஆள் எடுக்கறது இதுதான் எனக்கு முதல் தடவை."

பாக்கி இருந்த ஒன்று

ஷிப்ட் முடிந்து தேவகி வெளியே வருவதற்காகக் கேட்டில் நின்றேன். நல்ல சேதி எனக்கு முந்தி அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஓடி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்றாள். மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. எனக்கும் கண் கலங்கியது. இதையெல்லாம் வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் பார்வையில் நான் தெய்வமாகவே இருந்திருப்பேன்.

முதலில் அடக்க முடியாமல் அந்தச் சாப்பாட்டு விஷயத்தைக் கேட்டேன். ஏன் சோற்றிலிருந்து முத்தேக்கு மாறினாய் என்று. அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதெல்லாமா கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றாள். "சோத்துக்கு வரிசை நீளம்க்கா. களிக்கு வரிசை சின்னது. சீக்கிரம் தின்னுட்டா பத்து நிமிஷம் கால நீட்டி உக்காரலாம்" என்றாள். எட்டு வரிக்குள் அந்தப் பத்து நிமிஷமும் இருந்திருக்கிறது.

அப்புறம் சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக உன்னைத் தினமும் புதிதாகச் சேர்த்தது நான் எழுதின வரிதான், வேறு யாரும் இல்லை, மன்னித்துக்கொள் என்று. அவள் பிடித்திருந்த கையை விட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நான் தயாராகத்தான் நின்றேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள்: "அப்பாடா, உங்க தப்புதானாக்கா? நான் என் ராசிதான் அப்படின்னு நெனச்சு, இனிமே என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்லன்னு இருந்தேன்!"

இருபது வருஷம் ஜாவா எழுதியதில் என் வேலையைப் பற்றிக் கேட்டு முகம் மலர்ந்த ஆள் இவள் ஒருத்திதான், அதுவும் தப்பு என்னுடையது என்று தெரிந்த சந்தோஷத்தில்.